விருதுப் படிவத்தில் சமையலறைக் கட்டம்

நான் ராணுவத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும் செஞ்சியில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தினி பேர சுட்டீங்க சார்?" ஒருவரையும் சுடவில்லை ஐயா. நான் கிளார்க். பயிற்சியில் சுட்டதுகூடப் பாதி மண்மேட்டுக்குத்தான் போனது. ஆனால் வருடத்துக்கு ஒரு நாள், பெரிய மைதானத்தில் படையெல்லாம் அணிவகுத்து நிற்க, ஒலிபெருக்கியில் ஒரு தாள் வாசிக்கப்படும். அந்தத் தாளின் ஒவ்வொரு வார்த்தையும் என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கும். அந்தப் பெருமையை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் வேலை 'சிறந்த யூனிட் விருது'. தனி வீரனுக்குக் கொடுக்கும் பதக்கம் வேறு. இது ஒரு பட்டாலியனுக்கோ, ஒரு கம்பெனிக்கோ, மொத்தமாகக் கொடுப்பது. அந்த வருடம் நல்ல காரியம் செய்த யூனிட்டுகள் தங்களைப் பற்றித் தாங்களே ஒரு பக்கம் எழுதி எங்கள் தலைமையகத்துக்கு அனுப்பும். அதைச் சரிபார்த்து, சலித்து, ஜெனரலிடம் கொண்டுபோவது எங்கள் பிரிவு. ஜெயித்த யூனிட்டுக்கு ஒரு கேடயமும் ஒரு பாராட்டுப் பத்திரமும் கிடைக்கும். கேடயத்துக்கு வருடாவருடம் பாலிஷ் போட வேண்டும், அவ்வளவுதான். பத்திரம் அப்படியில்லை. அந்த யூனிட் இருக்கும் காலம் வரைக்கும் ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் அதை எழுந்து நின்று வாசிப்பார்கள்.

போன மாதம் அதே பிரிவிலிருந்து தீபா என்கிற பெண் போன் செய்தாள். இப்போது என் பழைய நாற்காலியில் இருப்பவள், வேலூர்க்காரப் பெண்.

"சார், எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்துறாங்க. பழைய ஃபாரத்துல கடைசியா 'சமையலறை'ன்னு ஒரு கட்டம் இருக்குது. அது எதுக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. எடுத்துடலாம்னு சொல்றாங்க. எதுக்கு இருந்துதுன்னு அரைப் பக்கம் எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்புறீங்களா?"

எடுத்துவிடுவார்களாமே! எனக்குப் பகீரென்றது. அரைப் பக்கத்துக்கு அடங்குகிற விஷயமா இது? வெள்ளைத்தாள் ஒரு கட்டு வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நைனாவுக்குச் செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை. எனக்குத் துணி கிழிக்கப் பிடிக்கவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய திமிரில் ஆள்சேர்ப்புக்குப் போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். நைனா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கடையிலேயே நல்ல கம்பளியாக ஒன்று எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார். பயிற்சியில் ஓடினேன், விழுந்தேன், இந்தி கற்றேன், சப்பாத்திக்குப் பழகினேன். அப்புறம் ஊர் ஊராக லீவு விண்ணப்பமும் ரயில் வாரண்டும் டைப் அடித்தே பாதிக் காலம் போய்விட்டது. ஹவில்தார் ஆன பிறகுதான் கர்னல் தேஷ்முக் முன்னால் போய் நின்றேன்.

அவர் மராட்டியர். ஆள் குள்ளம், மீசை பெரிது. என் காகிதங்களைப் பார்க்காமலே, "எந்த ஊர்?" என்றார்.

"செஞ்சி, சார்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "எங்கள் ராஜா உட்கார்ந்திருந்த கோட்டை! வருடக்கணக்கில் முற்றுகை. மேலே களஞ்சியத்தில் நெல் இருந்ததால்தான் தாங்கியது. அந்த நெல்லை மலைமேல் சுமந்து ஏற்றியவன் பெயர் அங்கே எங்காவது எழுதியிருக்கிறதா?"

"இல்லை சார். காதலர்கள் பெயர்தான் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது."

மீசை குலுங்கச் சிரித்தார். "நாளையிலிருந்து நீ என் பிரிவு" என்றார். என் நாற்பது வார்த்தை வேகமும், ஹையர் சர்டிபிகேட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

அவரிடம் வேலை பார்ப்பது லேசில்லை. யூனிட்டிலிருந்து வரும் பாராட்டுரையில் முதலில் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பகட்டு வார்த்தைகளை எல்லாம் அடிப்பார். 'ஈடு இணையற்ற', 'வீரத்தின் சிகரமான', 'அயராத' எல்லாம் போகும். அடித்துவிட்டு, "மீதி என்ன இருக்கிறது, படி" என்பார். சில தாள்களில் யூனிட்டின் பெயரும் தேதியும் மட்டும் மிஞ்சும். அடிப்பதிலும் ஒரு சட்டம் உண்டு. ஒரே கோடுதான் போட வேண்டும். கிறுக்கி மறைக்கக் கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது. "தப்பு கீழே தெரியட்டும். அதுவும் நம் கையெழுத்துதானே" என்பார்.

அடுத்தது நடை. விழாவில் யூனிட்டின் தலைவர் தன் இடத்திலிருந்து மேடைக்கு நடந்து வருவார். அவர் ஜெனரல் முன்னால் வந்து நிற்கிற நொடியில் வாசிப்பு முடிய வேண்டும். முன்னால் முடிந்தால் மைதானம் வெறுமையாகிவிடும், பின்னால் முடிந்தால் மனுஷன் வெயிலில் விறைத்து நிற்பார். அதனால் நான் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நின்று உரக்க வாசிப்பேன், கர்னல் மறுமுனையிலிருந்து அணிவகுப்பு நடை போட்டு வருவார். நான் முடிப்பதற்குள் அவர் மூக்கு சுவரைத் தொட்டுவிட்டால் இரண்டு வரி வெட்டு. பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் வெட்கமே கிடையாது.

கடைசிச் சடங்குதான் அந்தச் சமையலறைக் கட்டம். பரிசீலனையில் தேறிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான் சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். அதிகாரிகளைப் பார்க்கக் கூடாது. நேராக லங்கருக்கு, அதாவது சிப்பாய்கள் சாப்பிடும் சமையற்கூடத்துக்கு, போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டபடியே சமையல்காரருக்குப் பாராட்டுரையை வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சிரிக்காமல் கேட்டால் கட்டத்தில் 'சரி' என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். சமையல்காரர் பெயர் எங்கும் வராது.

"ஏன் சார் சமையல்காரர்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கமாண்டருக்கு மற்றவர்கள் சொன்னதுதான் தெரியும். எத்தனை பேர் கிளம்பினார்கள், எப்போது திரும்பினார்கள், யார் பட்டினி என்பது தட்டு எண்ணுகிறவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

இதில் ஒரு கூத்து வேறு. நான் கொண்டுவரும் தாளைக் கர்னல் முகர்ந்து பார்ப்பார். பருப்போ, எண்ணெயோ, ஏதாவது கறை தாளில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால், "நீ லங்கருக்குள் போகவில்லை. வாசலில் நின்று வந்திருக்கிறாய்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

எத்தனை லங்கரில் உட்கார்ந்திருக்கிறேன்! ஒரு யூனிட் 'இரவு பகல் எந்நேரமும் தயார் நிலையில்' என்று எழுதியிருந்தது. அந்தச் சமையல்காரர், வயிறு குலுங்கச் சிரித்து, "ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் சாப், என் பூரி ஆறிப் போகும் அழகை" என்றார். அந்த வரி போயிற்று. வேறொரு சிக்னல் யூனிட்டில் வாசித்து முடித்ததும் சமையல்காரர் சிரிக்கவில்லை, என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, "கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறினானே ஒரு பையன், அவன் சூடாக ஒரு வாய் சாப்பிட்டது மறுநாள்தான். அதை எழுதவில்லையே" என்றார். எழுதினோம். மைதானத்தில் அந்த வரி வந்தபோது அந்த யூனிட் முழுவதும் நிமிர்ந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி அந்தப் பெரிய விவகாரத்துக்கு வருகிறேன்.

ஒரு வருடம், மலைப்பகுதியில் இருந்த ஒரு பட்டாலியனின் பாராட்டுரை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வெள்ளத்தில் பாலம் அடித்துப்போய், ஆற்றுக்கு அந்தப்பக்கம் மூன்று கிராமங்கள் துண்டிக்கப்பட்டுவிட்டன. பதினொரு நாள், பட்டாலியன் ஆட்கள் மேலே ஏறி ஒரு பழைய ஆட்டுப்பாதை வழியாக ஆற்றைக் கடந்து, அரிசியும் மருந்தும் சுமந்து போனார்கள், திரும்பும்போது ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைக் கட்டிலோடு இறக்கிக் கொண்டுவந்தார்கள். கர்னலின் சிவப்புப் பென்சிலுக்கு இரண்டே வார்த்தைதான் சிக்கியது. தாழ்வார நடையும் கச்சிதம். கோப்பு கர்னல் மேஜைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை ஜெனரலிடம் போக வேண்டும். சமையலறைக் கட்டம் மட்டும்தான் பாக்கி.

அந்தச் சமயம் மலைப்பாதையில் பனி விழுந்து போக்குவரத்து இல்லை. ஆனால் எனக்கு அதிர்ஷ்டம். அந்த பட்டாலியனின் சமையல்காரர்களில் ஒருவன் ஏழுமலை, நம்ம அவலூர்ப்பேட்டை பையன். முன்னொரு லீவில் ரயிலில் பழக்கம். அவன் தங்கச்சி செல்விக்குக் கல்யாணம் என்று லீவில் வந்திருந்தான். எனக்கும் லீவு. கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம், பாராட்டுரையின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடமைதான் முக்கியம் என்று அவலூர்ப்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

மண்டபத்துப் பின்னால் கொட்டகை போட்டுக் கோட்டை அடுப்பு மூட்டியிருந்தார்கள். சாயங்கால வரவேற்புக்கு வேலை தடபுடலாக நடந்துகொண்டிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழுமலை பெரிய அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான். நான் ஒரு தேங்காய் மூட்டையின் மேல் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். ஆட்டுப்பாதை வந்ததும் துடுப்பு நின்றது. கட்டில் வந்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா சார் இது! எங்காளுங்க ஆத்த தாண்டினாங்களா? யாரு சொன்னது?"

"தாண்டலையா?"

"பதினோரு நாளும் மூணு வேளையும் எங்காளுங்க என்கிட்டதான் தட்ட நீட்டினாங்க. ஒரு தட்டு கொறையல. அந்தக் கரைக்குப் போனவன் இந்தக் கரையில எப்பிடி சார் சாப்டுவான்?"

"அப்ப போனது யாருப்பா?"

"கச்சர் கம்பெனிக்காரங்க சார். கோவேறு கழுதை வச்சினுகீறாங்களே, அவங்க. முப்பது பேரு வந்தாங்க. நான்தான் பூரி சுட்டு மூட்டை கட்டிக் குடுப்பேன். இன்னிக்குக் காலைல போனா நாளைக்கு மதியந்தான் வருவாங்க. வந்ததும் கழுதைக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் அவங்க வாயில டீய ஊத்துவாங்க. ஒருத்தனுக்குக் கால் ஒடிஞ்சிபோச்சு, அவனையும் கழுதை மேலதான் கொண்ணாந்தாங்க."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு சின்ன யூனிட்டை உதவிக்கென்று பெரிய யூனிட்டோடு சேர்த்துவிட்டால், அதன் வேலையெல்லாம் பெரிய யூனிட்டின் பெயரில்தான் அறிக்கைக்குப் போகும். ராணுவத்தில் அதுதான் நடைமுறை. எங்கோ ஓர் இளம் அதிகாரி அந்த அறிக்கைகளைப் பார்த்து நல்ல நடையில் எழுதியிருக்கிறார். கழுதைக்காரர்களோ, சுமப்பது நம் தினசரி வேலைதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று ஒன்றும் அனுப்பவில்லை. இப்படியே விட்டால் இனி எந்த ஆண்டுவிழாவிலும் அந்த முப்பது பேரின் நடை வேறு யாருடைய பெயரிலோதான் வாசிக்கப்படும்.

ஏழுமலைக்குச் சிரிப்பு அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. "சார், நான் சொன்னேன்னு மட்டும் வெளிய வந்துடக் கூடாது சார். லீவு முடிஞ்சி அங்கதான் போவணும். விருது வருதுன்னு பட்டாலியனே குஷியா இருக்குது. நான்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சா என்ன வாழவே வுடமாட்டானுங்க."

நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேராக பஸ் ஏறிச் செஞ்சிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து கர்னலைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சமையல்காரன் பெயரை மட்டும் சொல்லவில்லை. கர்னல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்லது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். பட்டாலியனின் கமாண்டரைப் போனில் கூப்பிட்டார். குற்றம் சொல்லவில்லை, விளக்கம் கேட்கவில்லை. "உங்கள் பாராட்டுரையை இன்று மதியம் உங்கள் லங்கரில், எல்லோரும் சாப்பிடும்போது, நீங்களே ஒரு முறை உரக்க வாசியுங்கள். வாசித்த பிறகும் அனுப்பலாம் என்று தோன்றினால் எனக்குச் சொல்லுங்கள்" என்றார், வைத்துவிட்டார்.

அந்தக் கமாண்டர் புதிதாக வந்தவர், வெள்ளத்தின்போது அங்கே இல்லாதவர். வாசித்தாராம். ஒருவரும் சிரிக்கவில்லையாம். எல்லோரும் குனிந்து தட்டில் இருந்த பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவருக்கு அது போதும். அன்று சாயங்காலமே தங்கள் தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் செய்தி வந்தது. திங்கட்கிழமைக்கு முன்பே இன்னொரு தாளும் ஃபேக்ஸில் வந்தது. அதைக் கமாண்டரே தன் கையால் எழுதியிருந்தார். கச்சர் கம்பெனிக்கு விருது தர வேண்டும் என்று ஒரு பட்டாலியன் சிபாரிசு செய்திருந்தது! கால் ஒடிந்தவன் பெயரும் அதில் இருந்தது. கர்னல் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுக்கவே இல்லை. ஒரு யூனிட் இன்னொரு யூனிட்டுக்காக எழுதியது என் அனுபவத்தில் அந்த ஒரு தடவைதான்.

ஏழுமலை லீவு முடிந்து போன அன்று கமாண்டர் லங்கருக்கு வந்தாராம். அவர் தட்டை நீட்டி இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டு, "தட்டு எண்ணிக்கை எல்லாம் உன்னிடம் சரியாக இருக்கிறது போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விழா நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கச்சர் கம்பெனியின் சுபேதார், நரைத்த மீசைக்காரர், தனியாக வர மாட்டேன் என்றுவிட்டார். ஆட்டுப்பாதையில் முன்னால் நடந்தது எதுவோ அதுவும் என்னோடு வரும் என்று ஒரு பழுப்புக் கழுதையைக் கையில் பிடித்துக்கொண்டார். நாங்கள் தாழ்வாரத்தில் கர்னல் நடையை அளந்திருந்தோம், கழுதை நடையை யார் அளந்தது? பாதி மைதானத்தில் அது நின்றுவிட்டது. சுபேதார் காதில் ஏதோ சொன்னார். அசையவில்லை. ஒலிபெருக்கியில் வாசிப்பு முடிந்துவிட்டது. மைதானம் கப்சிப். ஜெனரல் காத்திருந்தார். அது சாவகாசமாக ஒரு முறை தலையை ஆட்டிவிட்டு, தனக்கு எப்போது தோன்றியதோ அப்போது நடந்தது. முதலில் கை தட்டியது அந்த பட்டாலியன்தான். அப்புறம் மைதானம் முழுக்கக் கைதட்டல். கர்னல் என் பக்கம் சாய்ந்து, "தனபால், அடுத்த வருடம் தாழ்வாரத்துக்கு ஒரு கழுதை கொண்டுவா" என்றார்.

அந்தக் காலத்தில்தான் நான் எங்கள் தலைமையகத்து லங்கரில் ஏழு நாள் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். சமையல்காரர்களின் வேலையைக் கிட்டத்தில் இருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஓர் ஆர்வம்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தேன். எழுத்து மணிமணியாக இருந்தது. ஸ்கேன் எடுக்கக் கடைக்குக் கிளம்பியவன், பாதி வழியில் நின்றுவிட்டேன். சமையலறைக் கட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு, சமையலறையில் வாசித்துக் காட்டாமல் அனுப்புவதா? கர்னல் இருந்தால் மூஞ்சியில் எறிந்திருப்பார்.

ஏழுமலை இப்போது செஞ்சியிலேயே திருவண்ணாமலை ரோட்டில் மெஸ் வைத்திருக்கிறான். அடுப்பு அவனுடையது, அதிகாரம் செல்வியுடையது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போய், சமையல்கட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். கோட்டை, காதலர்கள், தாழ்வாரம் எல்லாவற்றையும் இரண்டு பேரும் ரசித்தார்கள். 'கடமைதான் முக்கியம்' என்ற இடத்தில் ஏழுமலை செல்வியைப் பார்த்தான். 'ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை' என்றதும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

"இன்னா ஏழுமலை?"

"ஒண்ணும் இல்ல சார். படிங்க, படிங்க."

செல்விதான் விடவில்லை. "இன்னாது, படிங்கவா? சார், நேரா பஸ் ஏறினீங்களா? அன்னிக்குப் பாயசம் மூணு கிளாஸ் குடிச்சது யாரு?"

மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடம் மற்றவர்களின் தாளில் சிரிப்பு வரும் இடத்தைத் தேடியவன், என் தாளில் அதைப் பதுக்கி வைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை. ஒரே கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

சமையலறைக் கட்டம் பாக்கி இல்லை. அதில் நான் ஏற்கெனவே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பனி விலகும்வரை காத்திருந்தால் என் லீவு போய்விடும். இவ்வளவு நல்ல பாராட்டுரையில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எங்கள் லங்கரில் தெற்கத்திக்காரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைப்பார்கள். அதில் விரலைத் தொட்டுத் தாளில் ஓர் ஓரமாகத் தடவி, காயவைத்து, கர்னல் மேஜையில் வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். அவலூர்ப்பேட்டைக்குப் போனது கடமைக்காக இல்லை, கல்யாணச் சாப்பாட்டுக்காக. "எங்க பட்டாலியனப் பத்தி இன்னா சார் எழுதியிருக்குது, படிங்க கேப்போம்" என்று ஏழுமலைதான் ஆசையாகக் கேட்டான். அவனைச் சந்தோஷப்படுத்தத்தான் வாசித்தேன்.

அவன் சிரித்து, தட்டுக் கணக்கைச் சொன்னதும் என் கையெழுத்துதான் எனக்கு ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் நான் போட்ட கள்ளக் கையெழுத்தும் வெளியே வரும். வேலைக்கே ஆபத்து. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "வுட்டுடு ஏழுமலை. நான் கையெழுத்துப் போட்டு, சாம்பார் தடவியெல்லாம் அனுப்பிட்டேன். உனக்கும் வம்பு, எனக்கும் வம்பு" என்றேன். அவனும் பயந்துபோய்த் தலையாட்டினான். பாயசம் வந்தது. குடித்தேன்.

அப்போது செல்வி அங்கேதான் இருந்தாள். தலையில் பாதி பூ வைத்தபடி, பசிக்கிறது என்று கொட்டகைக்கு வந்து, வெங்காய மூட்டை ஓரத்தில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். மறுநாள் கல்யாணம் ஆகப்போகிற பெண். வாயில் இருந்ததை முழுங்கிவிட்டு என்னைக் கேட்டாள்.

"ஏன் சார், நாளைக்கு ஐயரு என் பேருக்கு பதிலா எந்தோழி பேர வாசிச்சி மாப்ளய தாலி கட்டச் சொன்னா, பேப்பர்ல எழுதிட்டாங்களேன்னு நீங்க பாட்டுக்கு அட்சதை போட்டுட்டுப் போயிடுவீங்களா?"

மூன்றாவது கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் செஞ்சி வரும்வரை, சொல்லலாமா வேண்டாமா என்று உதறல்தான். பூத்தில் கர்னல் லைனில் வந்ததும் முதல் வாக்கியமாக, "சார், அந்தக் கறை பொய்" என்றேன்.

அந்தப்பக்கம் பெருமூச்சு கேட்டது.

"மூன்று நாளாக உன் தாள் என் மேஜையில் கறிவேப்பிலை வாசம் அடித்துக்கொண்டிருக்கிறது, தனபால். அந்த மலையில் கறிவேப்பிலை எங்கே இருக்கிறது? திங்கட்கிழமை காலை வரை உன் போனுக்குக் காத்திருப்பது என்று இருந்தேன். நீ கூப்பிடுகிறாய் என்றால் எங்கேயோ ஒரு சமையல்காரன் சிரித்திருக்கிறான். இப்போது சொல், எதற்குச் சிரித்தான்?"

அந்தப் பூத்திலேயே நான் அழுதுவிட்டேன். வெங்காயம் ஏழு நாள் உரித்தது ஆர்வத்தில் இல்லை, அவர் கொடுத்த தண்டனை. என் பெயரை எந்தக் காகிதத்திலும் அவர் எழுதவில்லை.

இவ்வளவையும் மெஸ்ஸிலேயே உட்கார்ந்து எழுதி, மறுபடி இரண்டு பேருக்கும் வாசித்தேன். ஏழுமலை சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டான். செல்வி மீந்திருந்த சாம்பாரில் விரலை விட்டு, கடைசித் தாளின் மூலையில் நன்றாக அழுத்தி வைத்தாள்.

"இப்ப அனுப்புங்க சார்."

தீபாம்மா, ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னாய். ஸ்கேனில் அது வராது, அதனால் தபாலில் அனுப்புகிறேன். உறையைப் பிரித்ததும் படிப்பதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார். இந்தத் தடவை கறிவேப்பிலை வாசம் அடித்தால், சரி.